வூடாங் மலையில் ஒரு டச்சுப் பையன்: சீனாவின் ஹூபே மாகாணப் பயணக் குறிப்புகள்

நவம்பர் 2, ஞாயிறு. வூஹான்

காலை ஏழு மணிக்கே தெருமுனைக் கடைகளில் கூட்டம் அம்முகிறது. வூஹான்காரர்கள் காலை உணவை வீட்டில் சாப்பிடுவது அபூர்வம்தான் போலிருக்கிறது. ரகான்மியன் என்று ஒரு நூடுல்ஸ். வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மேலே எள் விழுதை ஊற்றி, ஊறவைத்த முள்ளங்கித் துண்டும் வெங்காயத்தாளும் தூவிக் காகிதக் கிண்ணத்தில் கொடுத்துவிடுவார்கள். உடனே அடி வரை கிளறியாக வேண்டும், விட்டால் கட்டி தட்டிவிடும். 7 யுவான், நம் காசில் தொண்ணூறு ரூபாய்க்குள். எள் வாசம் மதியம் வரை நாக்கில் நின்றது.

அப்புறம் வூசாங் பக்கம் சாங்சுன் கோயிலுக்குப் போனேன். நகரத்தின் நடுவில் இருக்கும் தாவோ கோயில் (தாவோயிசம் சீனாவிலேயே தோன்றிய மதம்), சுவான்ஜென் மரபு. 12-ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் தொடங்கிய மரபு இது. துறவிகளுக்குத் திருமணம் கிடையாது, இறைச்சி கிடையாது, முடியையும் வெட்டுவதில்லை. கோயிலுக்கு அவருடைய சீடர் சியூ சூஜியின் பட்டப்பெயர். எழுபதைத் தாண்டிய வயதில், செங்கிஸ் கான் ஆள் அனுப்பினான் என்று இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் வரை போனவர் அவர். சாகாமல் இருக்க மருந்து உண்டா என்று கான் கேட்டிருக்கிறான். ஆயுளைக் காக்க வழி உண்டு, சாகாமருந்து கிடையாது என்று நேராகவே சொல்லிவிட்டார். நடந்தது 1222-இல். அத்தனை தூரம் போய், அப்படிப்பட்ட ஆளிடம் இல்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் தாவோயிசத்தில் சாமி கிடையாது. லாவோட்சு என்ற முதியவர், 81 சின்ன அத்தியாயங்கள், தண்ணீர் மாதிரி இரு என்ற அறிவுரை, அவ்வளவுதான். இங்கே அதே லாவோட்சு கருவறையில் தெய்வமாக உட்கார்ந்திருக்கிறார். மடிக்கணினிப் பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் அவர் முன்னால் மண்டியிட்டு மூன்று முறை தலை தாழ்த்தினாள். பக்கத்தில் ஓர் அம்மா, பையனின் தேர்வுக்காக வந்தவராம், வேண்டுதல் சீட்டில் பையனுடைய பெயரையும் பிறந்த நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3, திங்கள். வூடாங் அடிவாரம்

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமான தொல்லைதான் இது. ரயில் டிக்கெட்டில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. நுழைவு இயந்திரம் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது. வண்டி கிளம்பப் பத்து நிமிடம். ஓரமாக நின்றிருந்த பணியாளர் பெண் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், கைப்பேசியில் எதையோ தட்டினார், சிரித்தார், பிறகு என் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு நடைமேடை வரை வந்து ஏற்றிவிட்டார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள நேரமில்லை.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வூடாங்ஷான் மேற்கு நிலையம். இறங்கும்போதே தூறல். முன்பதிவு செய்திருந்த விடுதியில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பதிவு செய்ய வசதி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த விடுதிக்கார அம்மாவே செருப்பை மாற்றிக்கொண்டு, குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இன்னொரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 130 யுவான், வெந்நீர் உண்டு, படுக்கையில் மின்கம்பளமும் உண்டு. வெளியே 9 டிகிரி. மின்கம்பளத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

இரவு சுவான்ஜியாங்மியன் சாப்பிட்டேன். காய்களைப் புளிக்க வைத்த நீரில் செய்யும் நூடுல்ஸ், இந்த மாவட்டத்துச் சமாச்சாரம். புளிப்பும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்து குளிருக்கு அமிர்தமாக இறங்கியது. 9 யுவான். காசு கொடுக்கும்போதுதான் சிக்கல், அலிபே என்ற பணம் கட்டும் செயலி திடீரென்று மறுபடி அடையாளச் சோதனை கேட்டு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இருந்து ஒரு குரல் நல்ல சீனத்தில் கடைக்காரம்மாவிடம் என்னவோ சொன்னது, அவரும் கையை ஆட்டிவிட்டார். திரும்பிப் பார்த்தால் நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரப் பையன். வெளிர் முடியை உச்சியில் கொண்டையாகச் சுற்றி மரக்குச்சி செருகியிருந்தான், நீலப் பருத்திச் சட்டை, துணிச் செருப்பு முழுக்க ஈரம்.

“நாளைக்குக் கொடுத்தால் போதுமாம்” என்றான் ஆங்கிலத்தில்.

நெதர்லாந்துக்காரன், வயது 23. தைஜி என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொள்ள வந்தவன், இப்போது அதைவிடக் கோயில் வழிபாட்டைத்தான் அதிகம் படிக்கிறான். “நான் துறவி இல்லை, என்னைத் துறவி என்று எழுதிவிடாதீர்கள்” என்று, நான் எழுதுபவள் என்று தெரிந்த உடனே சொன்னான். நாளை சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள், ஸிஷியாவ் கோயிலில் கூட்டம் இருக்கும், வந்தால் காட்டுகிறேன் என்றும் சொன்னான்.

நவம்பர் 4, செவ்வாய். ஸிஷியாவ்

முதல் வேலையாக நூடுல்ஸ் கடன் தீர்ந்தது. சோதனை எப்படியோ சரியாகிவிட்டது.

மலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகள் தாங்காமல் எனக்கு முன்னால் இருந்தவர் பாவம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவி அவர் முதுகைத் தடவிவிட்டு, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகரக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த மலைக் கோயில்களில் பெரும்பாலானவை மிங் பேரரசர் யோங்லே 1412 முதல் கட்டியெழுப்பியவை. ஸிஷியாவ் 1413. சிவப்புச் சுவர், மயில்நீல ஓடு, பின்னால் மேகம் ஒட்டிய பாறை. மூலவர் ஜென்வூ. அரண்மனையை விட்டு இந்த மலைக்கு வந்து 42 ஆண்டுகள் தவம் செய்த இளவரசன் என்பது கதை. நடுவில் சலித்துப்போய்க் கீழே இறங்கியவனை, இரும்பு உலக்கையை ஊசியாகத் தேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி திருப்பி அனுப்பினாளாம். அந்த இடத்தில் இன்னும் ஒரு கிணறு இருக்கிறது, பேருந்து அதைத் தாண்டித்தான் வந்தது.

உள்ளே போவதற்கு முன் பையன் என்னைப் படியோரமாக நிறுத்திச் சொன்னது: வாசல் நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். ஊதுவத்தி மூன்று போதும், இடது கையால் செருக வேண்டும். துறவியைத் தாவ்ஜாங் என்று அழைக்கலாம், ஆனால் வயதைக் கேட்கக் கூடாது. அதற்குமேல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

வணங்கும்போது அவன் கைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இடது கை வலது கையைப் பொத்திப் பிடிக்கிறது, கட்டைவிரல்கள் உள்ளே ஒன்றை ஒன்று கோத்துக்கொள்கின்றன. விரல் நகங்களில் சாம்பல் அப்பியிருந்தது, வலது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. மூன்றாவது முறை குனிந்தபோது முழங்கால் நெட்டி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவ்வளவு உயரமான ஆளுக்கு அந்தத் திண்டு மிகவும் தாழ்வு. எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, அடுத்து நின்ற பெரியவருக்கு இடம் விட்டு இரண்டு கையாலும் வழி காட்டினான்.

வழிபாடு தொடங்கியது. பறை, மரமீன் (மீன் வடிவில் குடைந்த மரத் தாளக் கருவி), வெண்கலக் கிண்ணம், நடுவில் மூத்த துறவி, இரு பக்கமும் கொண்டை வைத்த ஆண்களும் பெண்களுமாக நின்று பாடினார்கள். பாட்டு மெதுவாகப் போய் எதிர்பாராத இடத்தில் வேகம் பிடிக்கிறது. ஓரமாக நின்ற பையனின் உதடுகளும் கூடவே அசைந்தன. வந்த புதிதில் அவன் ஆசிரியர் இவனிடம் மரமீன் ஒன்றைக் கொடுத்துத் தாளம் மட்டும் தட்டச் சொன்னாராம், பல மாதங்களுக்கு வேறெதுவும் கிடையாது. “எனக்குத் தத்துவம் சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் நான் எங்கே தாளம் தப்புகிறேன் என்று மட்டும் சொன்னார்” என்றான். குறையாகச் சொல்லவில்லை, முகத்தில் பெருமைதான் இருந்தது.

இரவு நான்யான் பக்கமே தங்கிவிட்டேன். 260 யுவான், அடிவாரத்தைப் போல இரு மடங்கு, அறையோ பாதி.

நவம்பர் 5, புதன். மழை

விடிகாலை வழிபாட்டைக் கேட்டே தீர வேண்டும் என்று ஐந்தரைக்கே எழுந்து, டார்ச் வெளிச்சத்தில், ஈரப் படிகளில் ஸிஷியாவ் வரை இறங்கிப் போனேன். மணியும் இல்லை, பறையும் இல்லை. வாசலில் ஒரு சின்னப் பலகை, உள்ளே ஒரு துறவி முற்றத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இல்லை என்று கையசைத்தார். மழை வலுத்துவிட்டது, கூரை ஓரம் நின்று விறைத்துப்போனேன்.

எட்டரைக்கு மேல் முதல் பேருந்தில் வந்த பையன் என் நிலையைப் பார்த்ததும் பதறிவிட்டான். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விஷயம் இதுதான். நமக்கு ஆண்டுகளில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது இருப்பதுபோல, சீனத்தில் நாட்களுக்கும் அறுபதின் சுழற்சி உண்டு. அதில் வூ என்ற எழுத்தில் தொடங்கும் நாட்கள் ஆறு. அந்த நாட்களில் தாவோ கோயிலில் பாராயணம் இல்லை, ஊதுவத்தி இல்லை, மணி அடிப்பதில்லை. இன்று வூ-யின் நாள். தெய்வங்களைத் தொந்தரவு செய்யக் கூடாத நாள் என்கிறார்கள்.

தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். வூடாங் பச்சைத் தேயிலை, கண்ணாடி டம்ளரில், வெந்நீர் எத்தனை முறை வேண்டுமானாலும், 20 யுவான். கடைக்காரர் என் காலணியைக் கழற்றச் சொல்லிக் கணப்புப் பக்கம் வைத்தார்.

பையன் நிறையப் பேசினான். பதினேழு வயதில் லாவோட்சுவின் அந்த 81 அத்தியாயப் புத்தகத்தை, தாவோ தே ஜிங்கை, படித்தானாம். அவன் ஊரில் அதைப் படிக்கிறவர்கள் எல்லோரும், எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் தாவோயிசம் என்று நம்புகிறார்கள், அவர்களுடைய அலமாரியில் ஜென்வூ இல்லை, வூ நாள் இல்லை, காலை நான்கரைக்கு எழுவதும் இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் நேரம், நாள், திசை, உடை. “சும்மா இருப்பதைப் படிக்க வந்தேன், இங்கே யாரும் சும்மா இல்லை” என்றான். நான் இந்தப் பயணத்தில் கேட்டதில் இதைத்தான் மிகவும் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரு மதத்தின் புத்தகத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஆட்களை, அவர்களுடைய சாமியை, சாப்பாட்டை, பஞ்சாங்கத்தை விட்டுவிட்டுப் போவது சரியில்லை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இந்தக் கோயில்களை விட்டு விரட்டப்பட்ட துறவிகள் திரும்பி வந்து, நினைவிலிருந்த பாராயணத்தை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இது இன்று கேட்கிறது. அவர்கள் காப்பாற்றியதில் புத்தகம் ஒரு பகுதிதான்.

பழனியில் போகர் என்ற சித்தரைச் சீனாவோடு சேர்த்துச் சொல்லும் கதைகள் உண்டு என்று நான் சொன்னதும் நோட்டை எடுத்துவிட்டான். தொப்புளுக்குக் கீழே மூச்சை நிறுத்தும் பயிற்சி உங்களிடமும் உண்டா, யார் கற்றுத் தருவார்கள், பெண்கள் கற்கலாமா என்று வரிசையாகக் கேள்விகள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன். தங்க மண்டபம்

மழை விட்டு மூடுபனி. முதலில் நான்யான் கோயில். பாறை விளிம்பிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் நாகத்தின் தலையில் ஒரு தூபக்கிண்ணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பக்தர்கள் அதன் மேல் தவழ்ந்து போய் ஊதுவத்தி வைத்திருக்கிறார்கள், விழுந்து செத்தவர்கள் பலர். 1673-இல் காங்ஷி பேரரசர் காலத்தில் தடை செய்தார்கள். இப்போது கம்பிக் கதவு போட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

அங்கிருந்து தியான்ஜூ சிகரம், 1,612 மீட்டர். படி, படி, படி. கொஞ்சம் ஏறுவோம், அடுத்த பத்து நிமிடம் இறங்க வைக்கும், ஏறியதெல்லாம் வீண் என்று அழுகை வரும். சுமைக்காரர்கள் மூங்கில் கழியின் இரு முனையிலும் சிமெண்ட், அரிசி, தண்ணீர் பாட்டில் பெட்டிகள் தொங்க ஏறுகிறார்கள். அடிவாரத்தில் 2 யுவானுக்கு விற்ற தண்ணீர் பாதி வழியில் 5, மேலே 10. அவர்கள் தோளைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை. பையன் ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான், பெயர் சொல்லி நலம் விசாரித்தான். அவர்களுக்கும் அவனைத் தெரிந்திருந்தது.

ஹெனானிலிருந்து வந்த பாட்டிகள் கூட்டம் ஒன்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சிவப்புத் துணிப் பை, பிளாஸ்டிக் செருப்பு, வாயில் சாமி பெயர். மூன்றாம் வானவாசலில் நான் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து ஒருவர் அவித்த முட்டையை உரித்து என் கையில் திணித்தார். பையனுக்கும் நீட்டினார். அவன் முட்டை சாப்பிடுவதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, அவர் போன பிறகு எனக்கே கொடுத்துவிட்டான்.

உச்சியில் தங்க மண்டபம். முழுக்கச் செம்பில் வார்த்துப் பொன் பூசியது, 1416. பெய்ஜிங்கில் வார்த்துத் துண்டு துண்டாகப் படகில் கொண்டுவந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள். ஓடு, உத்தரம், கதவின் பூ வேலை எல்லாம் மரம் போலவே இருக்கின்றன, தொட்டால் மட்டும் உலோகக் குளிர். உள்ளே ஜென்வூ வெறுங்காலோடு அமர்ந்திருக்கிறார், முன்னால் ஆமையும் பாம்பும். எனக்குக் கிடைத்தது அரை நிமிடம், பின்னால் வரிசை தள்ளியது. போதும், பார்த்தேன்.

இறங்கும்போது காற்றினால் கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் படி. என் வேகத்துக்கு அவன் நடந்தது பெரிய உதவி, மூன்று மணி நேரம் ஒருமுறைகூட நேரத்தைப் பார்க்கவில்லை. அறைக்கு வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி. அடிவாரம்

இன்று சீனக் கணக்கில் குளிர்காலத் தொடக்கம். விடுதிக்காரர்கள் முட்டைக்கோஸ் வைத்த ஜியாவ்ஸி என்ற சீனக் கொழுக்கட்டையை வேகவைத்துக் காசு வாங்காமல் ஒரு தட்டு கொடுத்தார்கள்.

மதியம் பையன் படிக்கும் இடத்துக்குப் போனேன். இப்படிப் பயிற்சிப் பள்ளிகள் இந்த ஊரில் பல. மாதக் கட்டணம் சில ஆயிரம் யுவான், சாப்பாடும் படுக்கையும் சேர்த்து. வெளிநாட்டு இளைஞர்கள் வந்தபடி இருக்கிறார்கள். வெள்ளைப் பட்டு உடை, வாள், மூடுபனியில் ஒரு காணொளி, இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை, ஆனால் அதைத் தாவோயிசம் படித்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. இவனுடைய மேசையில் பாராயண ஏடு இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் பென்சிலால் ஒலிக்குறிப்பு, தாளம் விழும் இடத்தில் சிவப்புப் புள்ளி, ஓரங்கள் எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டன.

ஜனவரியில் அவனுடைய மாணவர் அனுமதி முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம், ஊருக்குப் போ, ஒரு வருடம் வேலை செய், அம்மா அப்பாவோடு இரு, அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் வா என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் ஊன்றியவனை நடுவில் பிடுங்குவது நியாயமில்லை என்று அவனிடமே சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. துறவு பூண விரும்புகிற சீன இளைஞர்களையும் முதலில் வீட்டில் கேட்டு வா என்றுதான் அவர் அனுப்புகிறாராம், தனக்கு மட்டும் ஏன் வேறு விதி என்றான். அண்ணனின் சைக்கிள் கடையில் வேலை இருக்கிறதாம். மாலையில் சீன வகுப்பும் தேடி வைத்துவிட்டான்.

இதைப் படித்துவிட்டு வூடாங் வர நினைக்கிறவர்களுக்கு எழுதச் சொன்னான்: வருவதற்கு முன் ஓராண்டாவது சீனம் படியுங்கள். வாளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். திருவிழா பார்க்க வேண்டுமானால் மூன்றாம் சந்திர மாதம் மூன்றாம் நாள், ஜென்வூ பிறந்தநாள், 2026-இல் அது ஏப்ரல் 19. அறையை மட்டும் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு.